குலவழி வரும் நடுக்குவாதம்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெற்றோரின் நிறமும் நடையும் குரலும் பிள்ளைகளிடத்தே வந்து சேர்வதை நாள்தோறும் கண்டவர்கள் கூறிய மொழி அது. நோய்களும் அவ்வாறே வரும் என்று கருதுதல் இயல்பு. தந்தைக்கு இருந்த நோய் மகனுக்கும் வருமாயின் அதனைக் குலவழி நோய் என்கின்றோம். தந்தைக்கும் தாய்க்கும் இல்லாத நோயொன்று பிள்ளைக்கு வருமாயின் அது குலவழி வந்ததன்று எனத் துணிகின்றோம். இத்துணிபு பலவிடத்தும் பிழைபடும். அது பிழைபடுமாற்றைத் தெளிவாகக் காட்டவல்லது இளமையிலே தோன்றும் பார்க்கின்சன் நோய். 70 வயதிலும் கை நடுங்காத பெற்றோருக்குப் பிறந்த மகனொருவன் 25ஆம் வயதிலே கை நடுங்கிக் கால் இழுத்து நடக்கின்றான். சில ஆண்டுகளில் அவன் தங்கைக்கும் அதுவே நேர்கின்றது. கண்டோர் செய்வினை என்பர், கண்ணூறு என்பர், முன்வினைப் பயன் என்பர். அத்தகைய குடும்பங்களில் உண்மையாக நிகழ்வது யாது என்பதை 1997ஆம் ஆண்டு முதற்கொண்டு நடைபெற்ற ஆராய்ச்சிகள் பெரிதும் விளக்கியுள்ளன. அவற்றை எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோயை முதன்முதல் ஒழுங்குபட விவரித்தவர் இலண்டன் நகரின் ஒக்ஸ்ரன் பகுதியில் வைத்தியம் செய்துவந்த யேம்ஸ் பார்க்கின்சன். 1817ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூல் ஆறே நோயாளரைப் பற்றியது. அவருள்ளும் சிலரைத் தெருவிலே கண்டு அவதானித்தாரேயன்றி வைத்தியம் செய்தாரல்லர். எனினும், ஓய்ந்திருக்கும் கையில் எழும் நடுக்கம், முன்னோக்கிச் சாய்ந்த உடல், நடக்கப் புகுந்தால் ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றை அவர் எழுதிவைத்த முறையில் இன்றும் திருத்தத்தக்கது சிறிதே. தசைகளின் விறைப்பும் அசைவின் மந்தமும் இந்நோயின் ஏனைய குறிகள். ஆயுள்வேத மரபிற் கம்பவாதம் என வழங்குவதும் இவ்வகை நோயையே பெரிதும் சுட்டும். பெரும்பாலார்க்கு இது 60 வயதை அணுகிய பின்னரே வருகின்றது. 40 வயதுக்கு முன், சிலர் கணக்கில் 50க்கு முன், தோன்றுவதை இளமை நோய் என்றும், 21க்கு முன் தோன்றுவதைப் பாலப்பருவ நோய் என்றும் வைத்தியர் பிரித்துரைப்பர்.

நடுமூளையில், வெறுங் கண்ணுக்கும் கருநிறமாகத் தோன்றும் மெல்லிய படையொன்று உண்டு. அதனைக் கரும்பொருள் என அழைக்கலாம். அங்குள்ள நரம்புக்கலங்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை ஆக்கி, மூளையின் ஆழத்திலுள்ள வேறு பகுதிகளுக்கு நீண்ட நார்கள் வழியே வழங்குகின்றன. அசைவைத் தொடங்குதற்கும் ஒழுங்குபடுத்துதற்கும் அப்பொருள் இன்றியமையாதது. கரும்பொருட் கலங்கள் பெருந்தொகையாக அழிந்துபட்ட பின்னரே நோயின் குறிகள் புறத்தே தோன்றுகின்றன.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் நம் நாட்டார் நன்கறிந்த மூலிகைகள் இரண்டுக்குப் பங்குண்டு என்பதைச் சொல்லாது மேற்செல்ல மனம் வரவில்லை. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் றெசேப்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதனை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், அவ்வாறு கிடந்த விலங்குகளுக்கு லெவோடோபா என்னும் பொருளை ஏற்றியதும் அவை மீண்டும் எழுந்து இயங்கியதை 1957இல் வெளியிட்டார். லெவோடோபா மூளையுட் சென்று டோபமினாக மாறும் பொருள். இப்பணிக்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் குன்றியிருத்தலை அளந்து காட்டினர். அடுத்த ஆண்டிலேயே லெவோடோபா நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து அதுவே. அதே லெவோடோபாவைப் பூனைக்காலி வித்திலிருந்து 1937இலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்திருந்தனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது அக்காலத்தில் உலகில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனிப் பரம்பரைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், பார்க்கின்சன் நோய்க்கும் குலவழிக்கும் தொடர்பில்லை என்பதே நரம்பியல் அறிஞரின் பொதுக் கருத்தாயிருந்தது. ஒரு சூலிற் பிறந்த, உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தபோதும் மற்றவர் பெரும்பாலும் நலமாயிருந்தனர் என்பது அதற்குக் காட்டிய சான்று. அச்சான்று அரைகுறையானது என்பது 1999இல் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரிற் பணிபுரிந்த அமெரிக்க இரட்டையரை ஆராய்ந்தோர், நோய் தொடங்கிய வயதால் அவர்களை வேறுபடுத்தி நோக்கினர். 50 வயதின் பின் நோயுற்றோரிடையே, உருவொத்த இரட்டையருக்கும் ஏனைய இரட்டையருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 50 வயதுக்குள் நோயுற்றோரிடையேயோ, உருவொத்த இரட்டையர் 4 சோடியிலும் இருவருக்குமே நோய் வந்திருந்தது; ஏனைய 12 சோடிகளுள் இரண்டில் மட்டுமே அவ்வாறிருந்தது. எண்ணிக்கை சிறிதாயினும் அது காட்டும் திசை ஐயத்துக்கு இடமற்றது. முதுமையில் வரும் நோயையும் இளமையில் வரும் நோயையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டமையாலேயே பரம்பரையின் பங்கு நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

இதற்கிடையில், 1997ஆம் ஆண்டில், இந்நோய்க்குக் காரணமான முதலாவது பரம்பரையலகு கண்டறியப்பட்டது. தென் இத்தாலியில் கொன்தூர்சி என்னும் ஊரிலிருந்து பரவிய பெருங் குடும்பமொன்றில், தலைமுறைதோறும் பலர் சராசரியாக 46ஆம் வயதளவில் இந்நோயுற்றனர். அவர்களிடத்தும் சில கிரேக்கக் குடும்பங்களிடத்தும், அல்பா சைனியூக்கிளின் என்னும் புரதத்தின் 140 அமினோவமிலங்களுள் 53ஆவது மட்டும் மாறியிருந்தது. அதே ஆண்டில், நோயாளரின் நரம்புக்கலங்களுட் காணப்படும் லூயி உருண்டைகள் பெரும்பாலும் இப்புரதத்தாலேயே ஆனவை என்பதும் நிறுவப்பட்டது. எலிகளுக்கு இயல்பாகவே அந்த 53ஆம் இடத்தில், மனிதருக்கு நோய் விளைக்கும் அமினோவமிலமே அமைந்துள்ளது. ஆயினும் அவற்றுக்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. ஓரினத்துக்கு விகாரமாயிருப்பது மற்றோரினத்துக்கு இயல்பாதல் வியப்புக்குரியதே. கொன்தூர்சிக் குடும்பத்தின் நோய் ஆட்சியுடைய வகையைச் சேர்ந்தது. தாயிடமிருந்தேனும் தந்தையிடமிருந்தேனும் பெற்ற ஒரு பழுதே நோயைத் தரப் போதுமானது. இது பழமொழிக்கு இசைந்த பரம்பரை. ஆதலின் எளிதிற் கண்ணிற் பட்டது.

பழமொழிக்கு இசையாத பரம்பரை யப்பானில் வெளிப்பட்டது. 1973இலேயே யமமுறா என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும், மிக இளமையிற் றொடங்கும் ஒருவகை நடுக்குவாதத்தைத் தனியே பிரித்து விவரித்திருந்தனர். அந்நோயாளரின் நிலை நாளுக்குள்ளேயே பெரிதும் மாறியது. துயின்றெழுந்த பொழுதில் உடல் இலேசாகவும், பொழுது செல்லச் செல்ல விறைப்பாகவும் இருந்தது. உடன்பிறந்தார் பலர் நோயுற்றிருந்தும் பெற்றோர் நலமாயிருந்தனர். அப்பெற்றோருள் உறவினரை மணந்தோர் மிக்கிருந்தனர். இவ்விரு செய்திகளையும் கூட்டி நோக்குவார்க்கு, இது பின்னிடைவான பரம்பரை என்பது புலனாகும். அதன் பொருளைப் பின்னர் விளக்குவோம்.

1997இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் அந்நோய்க்குரிய இடம் 6ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தில் உளதெனக் கண்டனர். நிறமூர்த்தத்தில் ஓரிடத்தைக் கண்டடைய, நெடுஞ்சாலையின் மைற்கற்கள் போல அதன் வழிநெடுகக் கிடக்கும் குறிகளை அவர்கள் ஆராய்வர். நோயாளருள் ஒருவரிடத்து, எல்லாரிடத்தும் இருக்கவேண்டிய குறியொன்று காணப்படவேயில்லை. சோதனை தவறியதென்று அதனை ஒதுக்கிவிட்டிருத்தல் எளிது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. மைற்கல் இல்லையாயின் அவ்விடத்துச் சாலையே பெயர்ந்துபோயிருத்தல் வேண்டும். பெயர்ந்துபோன துண்டினுள்ளேயே தாம் தேடும் பரம்பரையலகு இருத்தலுங் கூடும் எனக் கருதித் தோண்டினர். 1998இல் கிற்றாடா, மிசுனோ, சிமிசு ஆகியோர் அதனைக் கண்டெடுத்துப் பார்க்கின் எனப் பெயரிட்டனர். அறிவியலில் இல்லாமையைக் கவனித்தல் இருப்பதைக் கவனித்தலினும் அரிது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு யான் அறிந்திலேன்.

பார்க்கின் பரம்பரையலகின் அமைப்பு விந்தையானது. மனிதனின் பரம்பரையலகுகளுள் மிகப் பெரியவற்றுள் இஃது ஒன்று. ஏறத்தாழ 13 இலட்சத்து 80 ஆயிரம் எழுத்துக்கள் நீளமுடையது. ஆயின் அதிலிருந்து ஆக்கப்படும் புரதம் 465 அமினோவமிலங்களே கொண்டது. அதற்கு வேண்டிய எழுத்துக்கள் 1,400க்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் பக்கமுள்ள நூலில் ஒரு பக்க அளவே செய்தி. அவ்வொரு பக்கமும் பன்னிரண்டு துண்டுகளாக நூல் முழுவதிலும் சிதறிக் கிடக்கின்றது எனக் கொள்க. போதாக்குறைக்கு, இது நிறமூர்த்தத்தில் எளிதில் முறியத்தக்க ஓரிடத்தில் அமைந்துள்ளது. ஆதலின், எழுத்து மாறுவதோடு, துண்டுகள் முழுமையாகக் கழன்றுபோதலும், ஒரே துண்டு இருமுறை அமைந்துவிடுதலும் இதிற் பெருவழக்காயுள்ளன.

2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நோயாளரிடையே நடந்த ஆராய்ச்சி இதன் பரப்பைக் காட்டிற்று. 45 வயதுக்குள் நோய் தொடங்கிய 73 குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிற் பார்க்கின் பழுதுற்றிருந்தது. குடும்பத்தில் வேறெவருக்கும் நோயில்லாத 100 தனி நோயாளருள் 18 பேரிடத்தும் அப்பழுது இருந்தது. அத்தனி நோயாளருள்ளும் 20 வயதுக்குள் நோயுற்றோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அவ்வளவு நூற்றுக்கு 77 ஆக உயர்ந்தது. குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை என்பதனால் மட்டும் ஒரு நோய் குலவழி வந்ததன்று எனக் கூறலாகாது என்பதற்கு இவ்வெண்கள் போதும்.

பின்னிடைவான பரம்பரை என்பது இதுதான். ஒவ்வொரு பரம்பரையலகும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாய்வழி வந்தது, மற்றையது தந்தைவழி வந்தது. பார்க்கின் போன்ற புரதத்தை ஆக்க ஒரு நல்ல பிரதியே போதும். ஒரு பிரதி பழுதுற்று மற்றையது நல்லதாயிருப்பவர் நோயின்றி வாழ்வர். அவரைக் காவி என்பர். காவிகள் இருவர் மணம்புரியின், அவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதுகளும் ஒருங்கே வந்து சேர்தற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு பழுது மட்டும் வருதற்கு நான்கில் இரண்டு. ஒன்றும் வாராமைக்கு நான்கில் ஒன்று. பழுதுற்ற பிரதி ஒரு குடும்பத்திற் பல தலைமுறை ஒருவர் கண்ணிலும் படாது இறங்கி வந்து, மற்றொரு பழுதைச் சந்திக்கும் நாளிலேயே வெளிப்படுகின்றது. ஆட்சியுடைய நோயில் ஒரு பழுது செய்வதை இங்கே இரு பழுதுகள் கூடியே செய்கின்றன.

பார்க்கினை அடுத்து வேறு இரண்டு கண்டறியப்பட்டன. இரண்டும் பின்னிடைவானவை, இரண்டும் 1ஆம் நிறமூர்த்தத்தின் குறுகிய புயத்தில் உள்ளவை. ஒல்லாந்தின் தென்மேற்கில் ஒதுங்கி வாழ்ந்த சமூகமொன்றிலும் ஓர் இத்தாலியக் குடும்பத்திலும் டி.ஜே. 1 என்பது 2003இல் அறியப்பட்டது. இத்தாலிய, இசுப்பானியக் குடும்பங்களிற் பிங்க் 1 என்பது 2004இல் அறியப்பட்டது. டி.ஜே. 1 மிக அரிது. இவற்றினும் அரியனவாய், நடுக்கத்தோடு வேறு நரம்புக் கோளாறுகளும் கலந்து வருவன சில உண்டு. யோர்தானில் கூபர் இரக்கீப் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நோயும், இந்திய, பாக்கித்தான் குடும்பங்களில் 2009இல் விவரிக்கப்பட்ட நோயும் அத்தகையன. அவற்றை இங்கு விரித்தல் வேண்டா.

இப்பரம்பரையலகுகள் கலத்துள் ஆற்றும் தொழில் யாது? இதற்கான முதற் குறிப்பு பரம்பரை ஆராய்ச்சியிலிருந்து வரவில்லை. 1982இல் கலிபோர்ணியாவில், கள்ளத்தனமாக ஆக்கிய போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர், சின்னாட்களுள் மரம்போல அசைவற்றுப்போயினர். முதிர்ந்த பார்க்கின்சன் நோயின் குறிகள் அனைத்தும் அவர்களிடத்துக் காணப்பட்டன. லாங்ஸ்ரன் என்னும் நரம்பியலாளர், அப்பொருளிற் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்னும் நஞ்சே காரணமென 1983இல் எடுத்துக் காட்டினார். கலத்துக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புக்கள் இழைமணிகள் எனப்படும். எம்.பி.ரி.பி. மூளையில் மாற்றமடைந்து, கரும்பொருட் கலங்களுட் புகுந்து, அங்குள்ள இழைமணிகளின் தொழிலை முடக்குகின்றது. இழைமணி பழுதுறின் கரும்பொருட் கலம் அழியும் என்பது இதனாற் றெளிவாயிற்று.

பிங்க் 1 இழைமணிக்குச் செல்லும் புரதம் என்பது 2004இலேயே தெரிந்தது. அதற்கும் பார்க்கினுக்கும் உள்ள தொடர்பை, அழுகிய பழங்களை மொய்க்கும் சிறு பழ ஈக்களே காட்டிக் கொடுத்தன. பிங்க் 1 இல்லாத ஈயும் பார்க்கின் இல்லாத ஈயும் ஒரே வகையாய் நலிந்தன. இரண்டிலும் இழைமணிகள் வீங்கிச் சிதைந்தன. பிங்க் 1 இல்லாத ஈக்குப் பார்க்கினை மிகையாக ஊட்டியபோது குறை நீங்கிற்று. பார்க்கின் இல்லாத ஈக்குப் பிங்க் 1ஐ மிகையாக ஊட்டியும் பயனில்லை. ஆகவே, இரண்டும் ஒரே பணியில் ஈடுபட்டவை. முன்னே ஏவுவது பிங்க் 1, பின்னே செய்து முடிப்பது பார்க்கின். இரு வேறு ஆராய்ச்சிக் குழுவினர் 2006இல் ஒரே காலத்தில் இம்முடிவை வெளியிட்டனர்.

பணி இன்னதென்பது 2008இலும் 2010இலும், ஐக்கிய அமெரிக்காவில் யூல் என்பவரின் ஆய்வுகூடத்திலிருந்து வந்த செய்திகளால் விளங்கிற்று. நல்ல இழைமணியின் சவ்வில் எப்பொழுதும் ஒரு மின்னழுத்தம் நிலவும். அவ்வழுத்தத்தினாற் பிங்க் 1 உள்ளே இழுக்கப்பட்டு, அங்கே வெட்டுண்டு அழிந்துபோகும். அதனால் நல்ல இழைமணியின் மேற் பிங்க் 1 தங்குவதில்லை. இழைமணி பழுதுற்று மின்னழுத்தம் வீழ்ந்ததும் பிங்க் 1 உட்செல்ல இயலாது வெளிப்புறத்திலே குவிகின்றது. அக்குவிவே பார்க்கினுக்கு அழைப்பு. கலத்துள் ஆங்காங்கே திரிந்த பார்க்கின் அவ்விழைமணியை வந்து சூழ்ந்து, அதன் மேற்புறப் புரதங்களில் யூபிக்குவிற்றின் என்னும் சிறு புரதத்தை ஒட்டுகின்றது. யூபிக்குவிற்றின் ஒட்டப்பட்ட பொருள் கழிவு என்பது கலத்தின் வழக்கு. பின்னர் அவ்விழைமணி முழுவதும் ஒரு பையாற் பொதியப்பட்டு, கலத்தின் செரிமானக் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கரைக்கப்படுகின்றது. பிங்க் 1 காவலாளி, பார்க்கின் துப்புரவாளி. இருவருள் ஒருவர் இல்லையெனினும், பழுதுற்ற இழைமணிகள் அகற்றப்படாது குவிந்து, சக்தி குன்றுவதோடு தீங்கு செய்யும் ஒட்சியேற்றப் பொருள்களையும் வெளிவிடுகின்றன. டி.ஜே. 1 அத்தகைய ஒட்சியேற்றத்திலிருந்து கலத்தைக் காக்கும் புரதம்.

இழைமணிகள் உடலெங்கும் உள்ளனவாகவும், கரும்பொருட் கலங்களே முதலில் அழிவானேன் என்னும் வினா எழும். அக்கலங்களின் வாழ்க்கை கடினமானது. ஓர் எலியின் கரும்பொருட் கலமொன்றின் நார்க் கிளைகள் அனைத்தையும் நேர்கோட்டில் வைத்தால் சராசரி அரை மீற்றரளவு நீளும். எலியின் உடலே அதனிற் பாதிக்கு மேல் இராது. அத்துணைக் கிளைகளுக்கும் ஒரு கலமே சக்தி வழங்கவேண்டும். மேலும் அக்கலங்கள் ஓய்வின்றித் தாமே துடித்தவண்ணம் இருப்பன. அவை ஆக்கும் டோபமின் தானே ஒட்சியேறி நஞ்சாக மாறவும் வல்லது. செலவு மிக்க குடும்பத்தில் வருவாய் சிறிது குறையினும் வறுமை முதலில் அங்கேதான் புகும்.

இவ்விளக்கம் அழகியது, ஆயினும் முற்றுப்பெற்றதன்று. பார்க்கின் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் கரும்பொருட் கலங்கள் எதிர்பார்த்தவாறு அழியவில்லை. ஈயிலும் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிர்க்கலங்களிலும் கண்டதை மனித மூளைக்கு அப்படியே ஏற்றிச் சொல்லுதலில் அவதானம் வேண்டும். பார்க்கின் பழுதால் நோயுற்று இறந்தோர் பலரின் மூளையில் லூயி உருண்டைகள் காணப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது. இதனை வைத்துச் சிலர், இது பார்க்கின்சன் நோயேயன்று, அதனை ஒத்த வேறொரு நோய் என்பர். பெயர் எதுவாயினும், அழியும் கலங்கள் அவையே, உதவும் மருந்தும் அதுவே. ஆதலின் இரண்டையும் ஒரே குடும்பத்து நோய்களாகக் கொள்ளுதல் பொருந்தும் என்பது என் கருத்து.

நோயாளருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் இவ்வறிவினால் ஆவது யாது என்பதை இனி நோக்குவோம். இளைஞர் ஒருவருக்கு நடுக்கமோ விறைப்போ கண்டால் முதலில் ஆராயவேண்டியது பார்க்கின் அன்று, வில்சன் நோய். உடலிற் செம்பு தேங்குவதால் வரும் அந்நோயும் பின்னிடைவான பரம்பரை உடையதே. ஆயின் காலத்தோடு கண்டறிந்து செம்பை அகற்றும் மருந்து கொடுத்தால் அதனைத் தடுத்து நிறுத்தலாம். விட்டுவிட்டால் ஈரலும் மூளையும் கெடும். கண்மணியின் விளிம்பிற் றோன்றும் செம்பு வளையத்தைத் தேடுதலும், இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தலும் அரிய காரியங்களல்ல. இதனைச் செய்யாது இளைஞரைப் பார்க்கின்சன் நோயாளர் எனத் தீர்த்துவிடுதல் பெருந் தவறு.

பார்க்கின் பழுதால் வரும் நோயைப் பற்றிச் சொல்லத்தக்க நற்செய்திகளும் உள. அது மிக மெதுவாகவே முதிர்வது. பல பத்தாண்டுகள் நோயோடு வாழ்ந்தோர் உளர். அறிவும் நினைவும் பெரும்பாலும் கெடுவதில்லை. சிறிதளவு லெவோடோபாவே நல்ல பயன் தரும். ஆயின் தாமாக எழும் வேண்டாத அசைவுகள் அம்மருந்தின் விளைவாக விரைவில் வருவதுண்டாதலின், அளவை வைத்தியரே கூட்டிக் குறைத்தல் வேண்டும். நடக்கும்போது பாதம் உட்புறமாகத் திருகுதல் பலரிடத்து முதற் குறியாக வருவது. அதனை மூட்டு வாதமெனக் கருதி எண்ணெய் தேய்த்து ஆண்டுகளைக் கழிப்பதும் நடப்பதே.

பரம்பரையலகுச் சோதனை பற்றியும் ஒன்று கூறவேண்டும். எழுத்துக்களை மட்டும் வரிசையாக வாசிக்கும் சோதனை பார்க்கினில் ஏமாற்றிவிடலாம். ஒரு பிரதியில் ஒரு துண்டு முழுவதும் கழன்றிருப்பினும், மற்றைய பிரதியில் அத்துண்டு இருத்தலின், வாசிப்பவருக்கு எழுத்துக்கள் குறைவின்றியே தோன்றும். ஆகவே, ஒவ்வொரு துண்டும் எத்தனை பிரதி உளதென எண்ணும் சோதனையும் உடன் செய்தல் வேண்டும். செய்யாதவிடத்து, பழுதில்லை என வந்த விடையை முடிந்த விடையாகக் கொள்ளலாகாது.

நோயில்லாத உடன்பிறந்தார் தம்மைச் சோதித்தல் அவரவர் விருப்பத்துக்குரியது. நோய் வருமுன் தடுக்கும் மருந்து இன்னும் இல்லையாதலின், தெரிந்துகொள்ள விரும்பாதவரை வற்புறுத்துதல் முறையன்று. ஒரு பழுதுமட்டும் உடையோருக்கு முதுமையில் இந்நோய் சிறிது மிகுதியாக வருமோ என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின், நோய் வரும் வயதைக் கடந்தும் நலமாயுள்ள உடன்பிறந்தார் மூவரில் இருவர் காவிகளாயிருத்தல் கணக்கினாற் பெறப்படும். அது மணம் பேசும்போது நினைக்கத்தக்கது.

இவ்விடத்திலேதான் நம் சமூகத்தின் வழக்கம் இவ்வாராய்ச்சியோடு வந்து பொருந்துகின்றது. மாமன் மகளையோ மாமி மகளையோ உரிமைப் பெண்ணாகக் கொள்ளுதல் தமிழரிடையே தொன்றுதொட்டு வருவது. சிற்றப்பன் மகளையும் பெரியம்மா மகளையும் தங்கை முறையென விலக்குதலும் அவ்வழக்கமே. முறை பற்றிய இவ்வேறுபாட்டைப் பரம்பரையலகுகள் அறியா. மச்சாளானாலும் சிற்றப்பன் மகளானாலும், ஒருவனிடமுள்ள ஒரு பழுது அவளிடமும் இருத்தற்குரிய வாய்ப்பு எட்டில் ஒன்றே. ஊரில் நூற்றுக்கு ஒருவர் பார்க்கின் பழுதைக் காவுகின்றனர் எனக் கணக்குக்காகக் கொள்வோம். காவியொருவர் அயலில் மணந்தால், ஒரு பிள்ளை நோயுறும் வாய்ப்பு 400இல் ஒன்று. மச்சாளை மணந்தால் ஏறத்தாழ 32இல் ஒன்று. நோயாளரே அயலில் மணந்தால் 200இல் ஒன்று. மச்சாளை மணந்தால் எட்டில் ஒன்று. தமிழ்நாட்டிற் சில சமூகத்தார் போலக் காவியொருவர் தமக்கை மகளை மணந்தால் 16இல் ஒன்று.

இவ்வெண்களைக் கண்டு மச்சாள் மணம் அனைத்தும் தீதென்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அவ்வாறு மணந்தோரின் பிள்ளைகளுட் பெரும்பாலார் நலமாகவே பிறந்து வாழ்கின்றனர். இது நோய் ஏற்கெனவே வெளிப்பட்டுள்ள வீட்டாருக்குரிய கணக்கு. நோயாளரின் நலமான தம்பி அயலில் மணந்தால் அவர் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 600இல் ஒன்றாயிருக்க, மச்சாளை மணந்தால் அது 24இல் ஒன்றாகின்றது. ஆயினும், அவ்வீட்டு நோயாளரிடத்துள்ள இரு பழுதுகளும் இன்னவென முன்னரே அறியப்பட்டிருப்பின், அவற்றை மட்டும் தேடும் சோதனை எளிது. தம்பிக்கும் மச்சாளுக்கும் ஒருமுறை இரத்தமெடுத்தாற் போதும். இருவருள் ஒருவரிடத்து அப்பழுதுகள் இல்லையெனத் தெரியின், உறவு காரணமாக எழுந்த அச்சம் நீங்கும்; அயலார் மணத்தில் உள்ள சிறு வாய்ப்பே எஞ்சும்.